மூன்று நாள் உனக்கு, நாலு நாள் எனக்கு

ராமேஸ்வரம் தீவில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூடக் கிழமை பார்த்துத்தான் வருவார்கள். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அப்புறம். வீட்டு ஆண்கள் அன்றைக்குக் கரையில் இருப்பார்களா என்பதுதான் முதல் கேள்வி. திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகும் நாள். போன படகு மறுநாள் காலையில் திரும்பும். மற்ற நாலு நாளும் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. எங்கள் ஆட்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவில் இந்தக் கணக்கு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் அம்மாவின் ஊர் தங்கச்சிமடம். மாமா விசைப்படகு வைத்திருந்தார். சின்ன வயதில் எனக்குக் கிழமைகள் மனப்பாடமானதே மாமா வீட்டில் இருக்கும் நாள், இல்லாத நாள் என்ற கணக்கில்தான்.

கடல்வளத்தைக் காக்கும் அரசுத் திட்டங்கள் என்றதும் நம் கண்ணில் வருவது ஆமைக்குஞ்சைக் கடலில் விடும் அதிகாரியின் புகைப்படமோ, தடை செய்யப்பட்ட பகுதி என்று எழுதிய பலகையோதான். அவையும் நடக்கின்றன. ஆனால் இந்தக் கரையில் நான் பார்த்தவரை, அரசாங்கம் நாளையும் நேரத்தையும் பிரித்துக் கொடுத்தபோது அந்த விதி ஓரளவாவது நின்றிருக்கிறது. இடத்தைப் பிரித்துக் கோடு போட்டபோது பெரும்பாலும் வழுக்கிப் போயிருக்கிறது. காரணம் சாதாரணமானது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு விசைப்படகு புறப்பட்டால் ஊருக்கே தெரியும். மீன்வளத் துறை டோக்கன் கொடுத்தால்தான் படகு போக வேண்டும். கொடுக்காத நாளில் போனால் கேள்வி கேட்க ஆயிரம் பேர் கரையிலேயே இருக்கிறார்கள். ஆனால் இருட்டுக்குள் கரையிலிருந்து மூன்றாவது நாட்டிக்கல் மைல் எங்கே முடிகிறது என்று யார் போய்ப் பார்ப்பது?

அந்த மூன்று மைல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். விசைப்படகே அரசாங்கம் கொண்டுவந்த பொருள்தான். 1950களில் கேரளத்தில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய இயந்திரமயமாக்கல் சீக்கிரமே இந்தப் பக்கமும் வந்தது. மானியமும் கடனும் கொடுத்து, படகு கட்டிக் கொடுத்து, கடலடியை உரசிக்கொண்டு போகும் இழுவை மடி என்ற வலையைப் போடச் சொன்னது அரசு. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இறால் ஏற்றுமதி ஆகும், டாலர் வரும் என்பது கணக்கு. டாலர் வந்தது. கூடவே சண்டையும் வந்தது. கட்டுமரக்காரர்களின் வலைகளை விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போயின. 1970களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே பல ஊர்களில் கடலிலும் கரையிலும் மோதல், படகு எரிப்பு, உயிர்ச்சேதம். அதற்குப் பிறகுதான் 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று நாட்டிக்கல் மைல் வரை பாரம்பரியப் படகுகளுக்கு மட்டும் என்றது. விசைப்படகு காலை ஐந்து மணிக்கு மேல் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும் என்றது. தூத்துக்குடியில் அந்த ஐந்து – ஒன்பது இன்றைக்கும் பேச்சில் இருக்கிற விதி. வடகடலில் அதைவிட மூன்று நாள், நாலு நாள் ஏற்பாட்டுக்குத்தான் மரியாதை. மீன்களின் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதிகாரிகளை வைத்துக்கொண்டு பேசி முடித்த சமாதானம் அது. வாரத்தில் நாலு நாள் கடலடி சும்மா கிடப்பது அதில் வந்த உபரி லாபம்.

சும்மா கிடப்பது ஏன் லாபம் என்று தெரிய வேண்டுமானால் படகு திரும்பும் காலையில் ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், போய் நிற்க வேண்டும். இழுவை மடியின் வாயை இரண்டு கனத்த பலகைகள் விரித்துப் பிடித்திருக்கும். அடியில் இரும்புச் சங்கிலி தரையை உரசிக்கொண்டே வரும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அடியெல்லாம் கடற்புல். ஒரு ராத்திரி இழுத்துவிட்டு வந்த படகில் முதலில் இறால், அப்புறம் கணவாய், நண்டு, நல்ல மீன் என்று கூடை கூடையாக இறங்கும். ஏலம் முடிந்து வியாபாரிகள் கலைந்த பிறகுதான் மிச்சம் இறங்கும். அதற்கு இங்கே சங்காயம் என்று பெயர். விரல் நீளம்கூட வளராத காரல், நகம் அளவு நண்டு, கணவாய்க் குஞ்சு, நத்தை, நட்சத்திர மீன், எல்லாவற்றிலும் சுற்றிக்கொண்ட பச்சைப் புல். மண்வெட்டியால் வாரி லாரியில் கொட்டுவார்கள். மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித் தீவனமாகும். ‘இதெல்லாம் வளர்ந்தா என்ன விலை போகும் மாமா?’ என்று நான் ஒருமுறை கேட்டேன். ‘வளர்ந்தா நான் பிடிப்பேனா, எவன் பிடிப்பானோ. இது டீசலுக்கு ஆகும்ல’ என்றார். பொதுக்கடலைப் பற்றிப் பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு வாயில் சொல்லி முடித்துவிட்டார்.

டீசல் என்றதும் ஒன்று. தமிழ்நாடு அரசு விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறது. ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்ததைச் சில வருடங்களுக்கு முன் 19,000 ஆக்கினார்கள். நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர், அது 4,400 ஆனது. ஒரு கையால் கடலுக்குப் போகும் நாளைக் குறைத்து, இன்னொரு கையால் போகிற நாளில் அதிகம் இழுக்க எண்ணெய் ஊற்றுவது. மீனவர் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் மானியத்தை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. முரண்பாடு இருக்கிறது என்பது மட்டும் நிஜம்.

நாளைப் பங்கிடும் விதிகளில் பெரியது மீன்பிடித் தடைக்காலம். 2001ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017ல் 61 நாளானது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் பாடு விசேஷம். ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரலிலேயே படகைக் கட்டிவிடும். கொளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கரைக் கணக்கில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும். சின்னமுட்டம் ஜூன் நடுவில் வலையை ஏற்றும்போது அவர்கள் கட்டியிருப்பார்கள். மீனுக்கு இந்தப் பிரிவினை தெரியுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். எல்லா மீனும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள்தான் முட்டையிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு காலம். ஆனாலும் இந்தத் தடை எனக்குப் பிடித்த விதி. முதல் காரணம், ஏமாற்ற முடியாது. இரண்டாவது, அந்த இரண்டு மாதமும் கரையில் வேலை இருக்கிறது. படகைக் கரையேற்றி அடிப்பலகை பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைக் கழற்றிப் போடுவார்கள். அந்த நேரத்திலேயே மீன்வளத் துறைக்காரர்களும் வந்து படகின் நீளம், இன்ஜின் குதிரைத்திறன், பதிவு எண் எல்லாம் சரிபார்க்கிறார்கள். கடலில் போய்த் துரத்த வேண்டியதில்லை, படகு அவர்கள் முன்னால் மல்லாந்து கிடக்கிறது.

நிவாரணத் தொகை குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு எட்டாயிரம். பட்டியலில் பேர் உள்ள கடல் மீனவர் குடும்பத்துக்கு அது வரும். ஐஸ் உடைக்கிறவர், லாரியில் ஏற்றுகிறவர், ஜெட்டியில் டீக்கடை போட்டிருப்பவர், இவர்களுக்கும் கடல் அதே 61 நாள் மூடித்தான் இருக்கிறது. அவர்களை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் ஐஸ் கம்பெனிக்குப் போகும் ஒரு அண்ணன் வருஷா வருஷம் ஏப்ரல் வந்ததும் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போய்விடுவார்.

தடை முடிந்த முதல் நாள் வலையில் விழுந்ததைப் பார்த்தால் திட்டம் வெற்றி என்று தோன்றும். கூடை கூடையாக இறால். அடுத்த சில வாரத்தில் வழக்கமான சங்காயத்துக்கு வந்துவிடும். 61 நாளில் சேர்ந்ததை அத்தனை படகும் சேர்ந்து ஒரே மூச்சில் அள்ளினால் என்ன மிஞ்சும்? படகுகளின் எண்ணிக்கையைத் தொடாமல் நாளை மட்டும் குறைப்பதால் வரும் குறை அது.

நாள் கணக்கை மிக அழகாக வைத்திருப்பது, என்னைக் கேட்டால், கடல்பாசி எடுக்கும் பெண்கள்தான். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி பக்கமெல்லாம் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கிக் குனிந்து, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளுவார்கள். சுரண்டும் தகடு முன்பு இருந்ததாம்; வேரோடு வருகிறது என்று அவர்களே விட்டுவிட்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. தடைக்காலத்தில் 45 நாள் தொடவே மாட்டார்கள். சின்னப்பாலத்து லட்சுமி என்பவருக்கு 2015ல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தபோதுதான் வெளியுலகத்துக்கு இவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தது.

‘மிச்ச நாள் எல்லாம் ஏன்க்கா போறதில்ல? பாசி வளரட்டும்னா?’ என்று தெரிந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன். பெரிதாக ஒரு தத்துவம் வரும் என்று எதிர்பார்த்தேன். ‘மிச்ச நாள் தண்ணி வத்தாது தம்பி. போனாலும் ஒண்ணும் தெரியாது. தெரியாத நாள லீவுன்னு சொல்லிட்டோம்’ என்று சிரித்தார். எனக்கு அதுதான் பிடித்தது. வேலையின் ஓட்டத்திலேயே இருக்கிற இடைவெளியைப் பிடித்து விதியாக்கிவிட்டார்கள். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, யாரும் மீறுவதில்லை.

இந்தப் பெண்களும் அரசாங்கத்தின் கோட்டோடு மோதியவர்கள்தான். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். 1986ல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, கடற்புல், அதனால் மீன். மீன் இருப்பதால்தான் தலைமுறையாக மக்கள் அங்கே போனார்கள். தீவில் வலை உலர்த்தினார்கள், சோறு பொங்கினார்கள், காற்று மாறினால் ஒதுங்கினார்கள். தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி அங்கே மனிதனுக்கு உரிமையே கிடையாது. காட்டுக்கு எழுதிய சட்டம் அப்படியே கடலில் இறங்கிவிட்டது. மரிக்கொழுந்து எடுக்கப் போன பெண்ணைப் பிடித்து வைத்துப் பையைப் பறித்த கதைகள் எங்கள் பக்கத்தில் நிறையக் கேட்கலாம். பல வருஷம் பேசி, போராடித்தான் அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

இரண்டு துறைகளின் சண்டையும் இதில் உண்டு. மீன்வளத் துறைக்கு அது மீன், வனத்துறைக்கு அது வனவிலங்கு. 2001 ஜூலையில் கடலடியில் ஊரும் மெத்தென்ற உயிரான கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், எல்லாச் சுறாக்கள் என்று ஒரே அறிவிப்பில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு. சுறா பிடிக்கிறவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுறா, திருக்கை வகைகளில் பத்து இனத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவித்தார்கள். அட்டைக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முங்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். வலையில் தானாக ஏறி வந்த அட்டையை என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை கரையில் நேரான பதில் கிடையாது.

இங்கே தடை, எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும், உரிமம் வாங்கினால் அட்டை பிடிக்கலாம், கரையோரத்தில் வலை அடைத்துப் பண்ணையும் வைக்கலாம். அந்தப் பண்ணைகள் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று அங்குள்ள மீனவர்கள் போராடுவது தனிக்கதை. சட்டவிரோதமாக இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அட்டைக்குச் சட்டப்படியான காகிதம் கிடைத்துவிடும். அதனால் மாதா மாதம் ‘அட்டை கடத்தல், இருவர் கைது’ என்று செய்தி வருகிறது. ஒரே கடலில் ஒரே உயிருக்கு இரண்டு சட்டம் இருந்தால், வேலை கடத்தல்காரனுக்குத்தான். முழுத் தடைக்குப் பதில் அளவு, காலம், அனுமதிச்சீட்டு என்று வைத்திருந்தால் அட்டையும் பிழைத்திருக்கும், ஆட்களும் பிழைத்திருப்பார்கள் என்பது என் கட்சி. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பை நூற்றாண்டுக் கணக்கில் அப்படித்தான் நடத்தினார்கள்: சிப்பி கிடக்கும் கடலடிப் பாரைப் பார்வையிட்டு, சிப்பி முற்றியிருந்தால் மட்டும் நாள் குறித்துத் திறப்பது.

பவளத்தின் விஷயத்தில் மட்டும் நான் தடையின் பக்கம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறை போனதும் மணல் நிற்கவில்லை. 21 என்று பூங்காவின் கணக்கில் இருப்பதில் இரண்டு இப்போது இல்லாத தீவுகள். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்தது. 2015ல் தொடங்கி, ஓட்டை போட்ட கான்கிரீட் கட்டமைப்புகளைத் தீவைச் சுற்றிக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, தீவு தேய்வது மட்டுப்பட்டது, கான்கிரீட்டில் மீனும் பவளமும் ஒட்டத் தொடங்கின. நல்ல வேலை, சந்தேகமில்லை. இயற்கை இலவசமாகச் செய்த வேலையை இப்போது டெண்டர் விட்டுச் செய்கிறோம்.

அதே கடலில், அரசாங்கத்தின் இன்னொரு கை செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மீனவப் பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று வடகடலில் மிதவை கட்டி வளர்க்க ஊக்குவித்தார்கள். வருமானம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது தப்பிப் போய், தேசியப் பூங்காவுக்குள் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இப்போது வளமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா வருகிறது. உள்ளூர் மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும் அங்கே முதலில் வளர்த்துப் பார்ப்பார்கள் என்று நம்ப ஆசைதான்.

கோடு போட்டும் மக்கள் முகம் சுளிக்காத ஒரு இடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரக் கடலில், அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே கடற்பசுவுக்கென்று முதல் பாதுகாப்பகம். எங்கள் ஆட்கள் ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும் சாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கிச் செத்துப்போகும். பல வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள், வெளிப்படையாகவே விற்றார்கள்.

இந்த அறிவிப்பு தேசியப் பூங்கா மாதிரி இல்லை. மீன்பிடிக்கத் தடை போடவில்லை, யாருடைய உரிமையையும் எடுக்கவில்லை. அறிவிப்புக்கு முன்பே சில ஆண்டுகளாக இந்திய வனஉயிரின நிறுவனத்து ஆட்களும் வனத்துறையும் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருந்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்டால் பாராட்டும் ரொக்கப் பரிசும் கொடுத்தார்கள். வலையை அறுத்து விடுவதைச் செல்பேசியில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்த வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். படகின் விளிம்பில் நாலு பேர் குனிந்து, பாறை போன்ற ஒரு சாம்பல் உடம்பைச் சுற்றிய நைலான் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறார்கள். ஒருவர் ‘பாத்துடா, துடுப்ப அறுத்துராத’ என்று கத்திக்கொண்டே இருக்கிறார். அது நழுவி இறங்கியதும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கைதட்டலின் மதிப்பு தெரியும்.

ஆவுளியா மேயும் புல்லுக்கு எதிரி தண்ணீரில் மிதக்கவிடும் வழிவலை இல்லை, இழுவை மடி. ஆகவே எங்கே சுற்றினாலும் மாமாவின் படகுக்கே வந்து நிற்கிறோம். அங்கேதான் நாட்டுக்கு நாடு போட்ட கோடும் குறுக்கே வருகிறது. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்திய, இலங்கைக் கடல் எல்லை வகுக்கப்பட்டது. கரையோரத்து மூன்று மைலை நாட்டுப்படகுக்கு விட்டுவிட்டு அந்த எல்லை வரை எண்ணினால் ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் தாண்டினார்கள். ஈழப்போர் நடந்த காலத்தில் வடக்கு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தபோது அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது. 2009க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்து வலை போட்டார்கள். நம் மடி அவர்கள் வலையை அறுத்தது. 2017ல் இலங்கை இழுவை மடியையே சட்டத்தால் தடை செய்தது. நம் ஊர்க்காரர்கள் சிறையில் இருப்பதும் படகுகள் பறிபோவதும் வலிக்கிறது, உண்மை. யாழ்ப்பாணத்து மீனவனும் நம்மைப் போலத் தமிழ் பேசி, நம்மைப் போலக் கடன் வாங்கி வலை போடுகிறவன் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை நம் பக்கத்து மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

2017 ஜூலையில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து இதற்கொரு வழி கொண்டுவந்தன. மூன்று வருஷத்தில் 2,000 இழுவைப் படகுகளை எடுத்துவிட்டு, ஆழ்கடலில் தூண்டிலும் செவுள்வலையும் போட்டுச் சூரை மீன் பிடிக்கும் படகுகள் தருவது. ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. காகிதத்தில் இவ்வளவு தாராளமான திட்டத்தை நான் பார்த்ததில்லை. இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

‘நீங்க ஏன் மாமா எடுக்கல?’ என்றேன்.

‘எட்டு லட்சம் கையில இருந்தா நான் ஏன்டா மாப்ள மடி இழுக்கிறேன்? இருக்கட்டும், கடன வாங்கிப் போட்டுட்டேன்னு வச்சுக்க. அது ஒரு தடவ போனா பத்து நாள், பதினஞ்சு நாள். நாங்க ஒரு ராத்திரிக் கடல்காரங்க. தூண்டி போட ஆள் யாரு? சூரைய வாங்க இங்க யாவாரி யாரு? படகக் குடுக்கிறாங்க, அதச் சுத்தி இருக்கிற ஒண்ணையும் குடுக்கல.’

மாமா இப்போது கடலுக்குப் போவதில்லை, முழங்கால் விடவில்லை. படகை விற்றுவிட்டார். வாங்கியவர் அதே படகில் அதே மடியைத்தான் இழுக்கிறார்.

இப்போது புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம், 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியே கரைக்குத் தெரியும். புயல் வந்தால், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். மீனவருக்கு இலவசம். கொள்கையளவில், இதுவரை யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்த மூன்று மைல் கோடு முதல்முறையாகத் தெரியப் போகிறது.

யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. விசைப்படகுக்காரர்கள் இதை வேவுப் பெட்டியாகப் பார்க்கிறார்கள். நாளைக்கு இதை வைத்தே மானிய டீசலை நிறுத்துவார்களோ என்று பயம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வேறு சந்தேகம்: மீறியது திரையில் தெரிந்தாலும், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால்? மூன்று நாள், நாலு நாள் ஏற்பாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாராவது யோசனை கேட்டால் ஒன்று சொல்வேன். அந்தத் திரையை அலுவலகத்தில் வைக்காதீர்கள். பதிவு எண்ணையும் மூன்று மைல் கோட்டையும் மட்டும் காட்டும் ஒரு பெரிய டிவியை ஜெட்டியில், ஏலக் கூடத்தில், டீக்கடைக்கு எதிரே மாட்டிவிடுங்கள். மீன் இருக்கிற இடம் தெரிந்துவிடுமே என்று படகுக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். அதற்கும் ஒரு வழி உண்டு: படகு திரும்பிய பிறகு, மறுநாள் காலையில், நேற்றைய தடத்தைப் போட்டால் போதும்.